ஞாயிற்றுக் கட்டம்

மணியா? ஐந்து எட்டு. இந்த வண்டி ஐந்துக்குப் புறப்பட வேண்டியது. ஐந்து நான்குக்குத்தான் பேருந்து நிலையத்தை விட்டு வெளியே வந்தது. ஏறக்குறைய ஐந்து பத்து என்று சொல்லியிருக்கலாம். உங்களுக்கும் அது போதும். ஆனால் எட்டை எட்டு என்று சொல்லியே பழகிவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டுகள் கூட்டுறவு நூற்பாலையில் நேர அலுவலக எழுத்தராக இருந்தேன். டைம் ஆபீஸ் என்பார்கள். என் பெயர் அரியநாயகம்.

மதுரைக்குத்தானே? நானும் மதுரைக்குத்தான். தொழிலாளர் நீதிமன்றம். பத்தரை மணிக்கு வழக்கு. பத்தரைக்கு எதற்கு முதல் வண்டி என்று கேட்பீர்கள். காத்திருப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. காக்க வைப்பதில்தான் சிரமம். நீதிமன்றத்திற்குப் போகிறவன் கவலையே இல்லாதவனைப் போல் இருக்கிறானே என்று பார்க்கிறீர்களா? நான் குற்றம் சாட்டப்பட்டவன் அல்லன். சாட்சி. இந்த வேறுபாட்டைக் கூட எங்கள் தெருவில் யாரும் புரிந்துகொள்ளவில்லை.

ஆலையைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது விளங்காது. வாயிலில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள். பூட்டு உண்டு. சாவி மேலாளரிடம். அந்தக் கடிகாரம் என்ன சொல்கிறதோ அதுதான் மணி. வானொலி வேறு சொன்னாலும், பள்ளிவாசலில் பாங்கு வேறு நேரத்தில் ஒலித்தாலும், உள்ளே அதுதான் மணி. ஒருமுறை ஒரு மேஸ்திரி, தாமதமாக வந்த தம்பிக்காகக் கூண்டை நெம்பி முள்ளை நான்கு நிமிடம் பின்னுக்குத் தள்ளினார். அன்று மாலையே அவருக்கு வேலை போயிற்று. புகாரை எழுதியவன் நான். கடிகாரத்தைத் தொடக்கூடாது. நேர அலுவலகத்தில் முதல் நாள் சொல்லித் தருவது அது. கடைசி நாள்வரை நான் மீறாததும் அது.

ஆலையை மூடினார்கள். நாற்பத்தெட்டு வயதில் கணினி படித்தேன். சிரித்தார்கள், படித்தேன். பிறகு எங்கள் ஊரில் குப்பை அள்ளும் ஒப்பந்தம் எடுத்திருந்த ஒரு தனியார் நிறுவனத்தில் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். பிரிவு என்றால் நான் ஒருவன்தான். பெயர் வேண்டாம்; அந்த நிறுவனத்தின் சார்பில்தான் இன்று சாட்சி சொல்லப் போகிறேன்.

அறுபத்து நான்கு தொழிலாளர்கள். பெரும்பாலும் பெண்கள். ஆறு மணிக்கு வேலை தொடக்கம். ஐந்து மணிக்கே அலுவலகக் கூடத்தைத் திறந்துவிடுவார்கள். அங்கே இருக்கும் கைரேகைச் சாதனத்தில் விரல் வைக்க வேண்டும். வைத்தால் அது ஒரு பெண் குரலில் 'நன்றி' என்று சொல்லும். அதற்கு முன் மேஸ்திரி பரலோகம் ஒரு நீள நோட்டில் பெயருக்கு எதிரே கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோடு! வந்தவருக்கும் கோடு, வராதவருக்கும் சற்றே சாய்ந்த கோடு. அந்த நோட்டை ஒழித்தது நான்தான். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

மேலாளர் தனசீலன் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். உட்காரச் சொல்லமாட்டார், ஆனால் 'சார்' என்பார்.

"அரியநாயகம் சார், மெட்ராஸ் ஆபீஸ்ல கேக்குறாங்க. யார் வர்றா, யார் வரல, எந்தக் கிழமை டிமிக்கி, எல்லாம் கலர் கலரா ஸ்கிரீன்ல வரணுமாம். வெளிய குடுத்தா ஏகப்பட்டது கேக்குறான். நீங்களே பண்ணிருவீங்களா?"

"வழிமுறை எழுத்தில் இருந்தால் செய்துவிடலாம்" என்றேன்.

வழிமுறை இருந்தது. இணையத்தில் ஒரு பக்கம். பகுப்பாய்வு சர்வர் என்னும் மென்பொருளைக் கிளவுட்டில் நிறுவுவது எப்படி என்று முப்பத்திரண்டு படிகள். கிளவுட் என்றதும் வானத்தைப் பார்க்க வேண்டாம். எங்கோ ஒரு நாட்டில் யாரோ வைத்திருக்கும் மிகப்பெரிய கணினியில் நமக்கென்று ஒரு பங்கை வாடகைக்கு எடுப்பது, அவ்வளவுதான். அந்தப் பங்கு தனிக் கணினியைப் போலவே நடந்துகொள்ளும். பெட்டி இருக்காது, விசிறிச் சத்தம் இருக்காது. நாம் இங்கிருந்து கட்டளை கொடுத்தால் அங்கே நடக்கும். நம் ஊர்த் தொழிலாளி விரல் வைத்தது அங்கே போய்ப் பதிவாகி, இங்கே கட்டம் கட்டமாக நிறத்தோடு திரும்பி வரும். பச்சை என்றால் வந்தார். சிவப்பு என்றால் வரவில்லை.

அந்தப் பக்கத்தைப் பதினான்கு தாள்களில் அச்சிட்டுக்கொண்டேன். ஒவ்வொரு படியையும் முடித்தபின் சிவப்பு மையால் ஒரு குறி. நினைவகம் எவ்வளவு, எந்த இணைய வாசலைத் திறப்பது, கடவுச்சொல் எத்தனை எழுத்து, உரிமக் குறியீட்டை எங்கே ஒட்டுவது, எதையும் விடவில்லை. மூன்று நாள்கள். ஒரு படியில் தவறினால் அதற்கு முந்திய படிக்குப் போகாமல், முதல் படிக்கே போவேன். வயர்மேன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், பரீட்சையா எழுதுறீங்க?" என்றார். ஆம், பரீட்சைதான்.

பதினெட்டாம் படியில் ஒரு வரி. நேரம், நாடு, மொழி ஆகியவை இயல்பாக எப்படி இருக்கின்றனவோ அப்படியே விட்டுவிட்டு மேலே செல்லலாம் என்று. விட்டுவிட்டேன். மேலே சென்றேன். சிவப்புக் குறி இட்டேன்.

திரையின் மூலையில் மணி தெரிந்தது. நம் மணிக்கு ஐந்தரை மணி நேரம் பிந்தியிருந்தது. கவனித்தேன். நான் கவனிக்கவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. நேர அலுவலகத்துக்காரன் கண்ணில் மணி படாமல் போகுமா? ஆனால் அந்த இயந்திரம் இருப்பது வேறு நாட்டில். வேறு நாட்டில் இருப்பதற்கு வேறு நாட்டு மணி. அதில் என்ன தவறு? நான் பாட்டுக்கு உட்கார்ந்து அதன் முள்ளை முன்னுக்குத் தள்ளினால், எனக்கும் அந்த மேஸ்திரிக்கும் என்ன வேறுபாடு?

தொடவில்லை.

முதல் வாரத்து அறிக்கை வந்தது. அழகாக இருந்தது. வரிசையாக ஏழு கட்டங்கள், ஏழு கிழமைகள். திங்கள் முதல் சனி வரை பச்சையும் சிவப்பும். ஞாயிற்றுக் கட்டத்திலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பச்சை. பத்தொன்பது பச்சைகள். ஞாயிறு விடுமுறை, கூடத்தையே திறப்பதில்லை. பூட்டிய கதவுக்குள் யார் போய் விரல் வைப்பார்? ஏதோ குப்பை என்று எடுத்துக்கொண்டேன். புதிய இயந்திரத்தில் முதலில் வரும் தூசியைப் போல. அறிக்கையிலிருந்து ஞாயிற்றுக் கட்டத்தையே நீக்கிவிட்டேன். தேவையற்றது அறிக்கையில் இருக்கக்கூடாது. அதற்குப் பிறகு ஆறே கட்டங்கள். சுத்தமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துத்தான் அந்த ஒழுங்கு கண்ணில் பட்டது. பத்தொன்பது பேர் சனிக்கிழமைதோறும் வருவதில்லை. ஒரு சனி அல்ல, எல்லாச் சனியும். மற்ற ஐந்து நாளும் பச்சை. சனி மட்டும் சிவப்பு. நூல் பிடித்தாற்போல்.

தனசீலனிடம் காட்டினேன். எழுந்தே நின்றுவிட்டார்.

"சனிக்கிழம எங்க சார் போறாளுக?"

எனக்கு உடனே விளங்கியது. ஞாயிறு முகூர்த்தம் என்றால் சனிக்கிழமை கல்யாண மண்டபங்களில் வேலை தொடங்கிவிடும். கூட்டிக் கழுவ ஆள் வேண்டும். சாப்பாடும் போட்டுக் கையிலும் கொடுப்பார்கள். "மண்டபங்களுக்குப் போகிறார்கள்" என்றேன். ஊகம்தான். ஆனால் பொருந்தியது. பொருந்துகிற ஊகத்தைக் கைவிட என்ன காரணம் இருக்கிறது, சொல்லுங்கள்?

மேஸ்திரி பரலோகம் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"சனிக்கிழம ஆளு இருந்தாங்களே சார். நாந்தான தெரு பிரிச்சு விட்டேன்."

"பெயர் சொல்லுங்கள்."

"எல்லாரும்தான் சார்."

"எல்லாரும் என்பது பெயர் அல்ல. எழுதி வைத்திருக்கிறீர்களா?"

"நோட்டத்தான் நீங்க வாங்கிட்டீகளே."

அவருக்கு அந்தப் பத்தொன்பது பேரில் மூன்று பேர் உறவு. அதையும் குறித்துக்கொண்டேன்.

அப்போதுதான் நான் ஒரு சுற்றறிக்கை எழுதினேன். என் கைப்பட எழுதிக் கூடத்தில் ஒட்டினேன். ஐந்தரை மணிக்குள் வந்து விரல் வைப்பவர்களே காலந்தவறாதவர்களாகக் கருதப்படுவர். நிறுவனம் நிரந்தரமாக்கவிருக்கும் இருபது பேரைத் தேர்ந்தெடுக்கும்போது அது கணக்கில் கொள்ளப்படும் என்று. நல்ல எண்ணத்தில்தான் எழுதினேன். பலனும் தெரிந்தது. அடுத்த மாதம் நிறையப் பேர் ஐந்து மணிக்கே வரத் தொடங்கினார்கள். கூடத்துக்கு வெளியே முந்தானையைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

அடுத்த மாத அறிக்கையில், சனிக்கிழமை வராதவர்கள் முப்பத்தொருவர்.

என் மனம் எப்படி வருந்தியிருக்கும், எண்ணிப் பாருங்கள். கண்டிக்கக் கண்டிக்கக் கெட்டுப்போகிறார்களே என்று.

முப்பத்தொருவருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று. முப்பது பேர் பெருவிரலை வைத்துவிட்டு அழுதுகொண்டே போனார்கள். ஒருவர் மட்டும் கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். குருவம்மா. ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். பதினோரு ஆண்டுகளாகத் துப்புரவு வேலை. ஒப்பந்தக்காரர்கள் மாறுவார்கள், அவர் மாறமாட்டார். நிரந்தரப் பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான் என்று கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒன்று சொல்கிறேன், நான் யாரையும் வா, போ என்று பேசுவதில்லை. அங்கே எல்லாரும் அவர்களை அப்படித்தான் பேசுவார்கள். நான் பேசியதில்லை. "உட்காருங்கள்" என்றேன். அவர் உட்காரவில்லை.

"சார், நா சனிக்கெழம வந்தேன்."

"அறிக்கையில் வரவில்லை என்று இருக்கிறது."

"எல்லாச் சனியும் வந்தேன் சார். அஞ்சு மணிக்கு மொத ஆளு நாந்தான். வேணும்னா கருப்பட்டிக் காப்பிக் கடைக்காரர கேளுங்க."

"காப்பிக் கடைக்காரரின் சாட்சியம் சர்வரில் ஏறாது, அம்மா."

"மிசினு எனக்கு நன்றி சொல்லுச்சு சார். கைய வச்ச ஒடனே சொல்லுச்சு. பதினோரு வருசத்துல நீங்கள்லாம் ஒருநாளு சொன்னதில்ல. அது சொல்லுச்சு. பொய்யா சொல்லும்?"

அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அது எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லும்" என்றேன்.

அவர் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தம் பெயருக்கு எதிரே இருந்த சிவப்பை. எழுத்துத் தெரியாது, நிறம் தெரியுமே.

"எம் மவன் முத்திருளன் இருக்கான் சார். இருவத்தி நாலு வயசு. பெயின்டு வேலைக்கிப் போறான். அவங்கப்பன் குழியில எறங்கி எறங்கித்தான் செத்தான். இவன எறக்க மாட்டேன்னு எங்கையில அடிச்சுச் சத்தியம் வாங்கி வச்சிருக்கேன். எனக்கு இந்த வேல நெரந்தரமாச்சுன்னா அவன் எறங்க வேண்டியதில்ல. இதுக்காகத்தான் சார் மொத ஆளா வந்து நிக்கேன். ஒருநாளு, ஒரே ஒருநாளு, நீங்க வந்து பாருங்க. சனிக்கெழம அஞ்சு மணிக்கு."

நியாயமான கோரிக்கை. நான் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவன். வெள்ளிக்கிழமை பகலில் என் பெயரையும் சாதனத்தில் சேர்த்துக்கொண்டேன். சனிக்கிழமை ஐந்து பன்னிரண்டுக்குக் கூடத்துக்குப் போனேன். குருவம்மா அங்கே இருந்தாரா என்கிறீர்களா? இருந்தார். துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் விரல் வைத்ததை நான் பார்க்கவில்லை; நான் போவதற்கு முன்பே வைத்துவிட்டதாகச் சொன்னார். நான் என் விரலை வைத்தேன். 'நன்றி' என்றது.

பதினொரு மணிக்கு அறிக்கையைத் திறந்தேன்.

குருவம்மாவுக்குச் சிவப்பு. எனக்கும் சிவப்பு.

அந்த ஒரு நிமிடத்தை என்னவென்று சொல்வது! நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். சட்டையில் வியர்வை இருக்கிறது. அரியநாயகம், சனிக்கிழமை, வரவில்லை. முந்திய கட்டத்தில், வெள்ளிக்கிழமையில், பச்சை. அது, பெயர் சேர்க்கும்போது வைத்த விரலாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். எழுந்து போய் மறுபடி விரலை வைத்தேன். மணி பதினொன்று பதினைந்து. 'நன்றி' என்றது. திரும்பி வந்து பார்த்தால் சனிக்கிழமையும் பச்சை.

அப்போதுதான் நிம்மதி வந்தது. காலையில் என் பெருவிரலில் சிவப்பு மை படிந்திருந்தது. அதனால் ரேகை சரியாக விழவில்லை. துடைத்துவிட்டு வைத்ததும் விழுந்துவிட்டது. இயந்திரத்தில் பிழை இல்லை.

குருவம்மாவிடம் "மறுபடி வைத்துப் பாருங்கள்" என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். அவர் அப்போது தெருவில் வேலையில் இருந்தார். அது மட்டுமன்று; ஒரு தொழிலாளிக்கு மறுவாய்ப்புக் கொடுத்தால் அறுபத்து நான்கு பேருக்கும் கொடுக்க வேண்டும். எனக்கு மட்டும் எப்படிக் கொடுத்துக்கொண்டேன்? நான் தொழிலாளி அல்லனே. நான் சோதித்தவன்.

அறிக்கையில் கையொப்பம் இட்டேன். அடுத்த வாரக் கடைசியில் முப்பத்தொருவரும் நீக்கப்பட்டார்கள்.

குருவம்மா அதற்குப் பிறகும் பத்து நாள் வந்தார். ஐந்து மணிக்கு வந்து விரல் வைப்பார். பெயரை எடுத்துவிட்டோம் அல்லவா, 'மீண்டும் முயலவும்' என்று சாதனம் சொல்லும். மறுபடி வைப்பார். மறுபடி சொல்லும். பரலோகம் வந்து, "தாயி, போயிரு தாயி, பாக்க முடியல" என்று கைப்பிடியாக அழைத்துப்போய் வாசலில் விடுவார். பதினோராம் நாள் வரவில்லை.

இரண்டு மாதம் போயிற்று. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கின. ஒரு மண்டபத்தில் கழிவுத்தொட்டி நிரம்பி, அதைத் துப்புரவு செய்ய இருவரை இறக்கியிருக்கிறார்கள். முதலில் இறங்கியவன் மேலே வரவில்லை. அவனைப் பார்க்க இறங்கியவனை இழுத்துப் போட்டுவிட்டார்கள், அவன் பிழைத்துக்கொண்டான். முதலில் இறங்கியவன் முத்திருளன். பெயின்டு வேலை அந்தப் பருவத்தில் இல்லையாம். வீட்டில் ஒருவர் சம்பளமும் நின்றுபோயிற்று. தாயிடம், வெள்ளையடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தூரிகையும் வாளியும் எடுத்துக்கொண்டே போயிருக்கிறான். தூரிகை தொட்டியின் ஓரத்தில் நனையாமல் இருந்ததாம்.

அன்று சனிக்கிழமை.

நான் தனசீலனிடம் சொன்னேன். "கவனித்தீர்களா? சனிக்கிழமை. கல்யாண மண்டபம். நான் முன்பே சொன்னது முழுத் தவறில்லை." அவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஏழு ஆண்டுகளில் முதன்முறையாகச் 'சார்' வரவில்லை.

"வாய மூடுய்யா" என்றார்.

நான் என்ன தவறாகச் சொன்னேன்? இன்றுவரை விளங்கவில்லை. கிழமையையும் இடத்தையும்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஊரில் சத்தம் எழுந்தது. சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். முப்பத்தொருவர் சார்பிலும் வழக்குப் போட்டார்கள். சென்னை அலுவலகம் ஒரு பொறியாளரை அனுப்பியது. பெண். பெயர் மிருதுளா. வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் பார்த்தார். சரியாக இரண்டு நிமிடம். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"சார், சர்வர் கிளாக்க நம்ம டைமுக்கு மாத்தவே இல்லையா?"

"தொடவில்லை" என்றேன்.

"அய்யோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு ஒரு தாளில் போட்டுக் காட்டினார். உங்களுக்கும் சொல்கிறேன், எளிதுதான். சனிக்கிழமை காலை ஐந்து பத்துக்குக் குருவம்மா விரல் வைக்கிறார். நம்மிலும் ஐந்தரை மணி நேரம் பிந்திய அந்த இயந்திரத்தில் அப்போது வெள்ளிக்கிழமை இரவு பதினொன்று நாற்பது. ஆகவே அது வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் பச்சை இட்டுக்கொள்கிறது. வெள்ளி காலை வைத்தது வியாழனில் விழும். திங்கள் காலை வைத்தது ஞாயிற்றில். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம் பின்னுக்கு. சனிக் கட்டத்தில் விழ எதுவும் மிஞ்சாது. ஐந்தரைக்குப் பிறகு வந்தவர்களுக்கு மட்டும் எல்லாம் சரியாக விழுந்திருக்கிறது.

ஆக, சீக்கிரம் வந்தவர்கள் சிவப்பு. தாமதமாக வந்தவர்கள் பச்சை. என் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு முந்தி வந்த பன்னிரண்டு பேரும் சிவப்பு.

"ஞாயித்துக்கெழம கட்டத்துல பச்சை வந்திருக்கணுமே சார், பாத்திருப்பீங்களே?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"அறிக்கையில் ஞாயிற்றுக் கட்டம் இல்லை" என்றேன். உண்மைதானே? இல்லை.

அன்று மாலையே அந்தக் கிளவுட் கணினியை அழித்துவிட்டார்கள். உள்ளே இருந்த பதிவுகள் எல்லாம் அதோடு போயின. கைரேகைச் சாதனத்தையும் மாற்றிவிட்டார்கள். பொறியாளர் சென்னை போய் வேறு வேலையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. என்னை வீட்டிலிருக்கச் சொன்னார்கள். நீக்கவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருக்கச் சொன்னார்கள்.

மணி ஐந்து முப்பத்திரண்டு. பாருங்கள், நீங்கள் மணி கேட்டபோது அந்த இயந்திரத்தில் நேற்று. இப்போது அதிலும் இன்று. கடந்த சில மாதங்களாக எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும் ஐந்தரையைக் கழிக்காமல் இருக்க முடியவில்லை. சாப்பிடும்போது கழிக்கிறேன். மருந்து விழுங்கும்போது கழிக்கிறேன். என் மனைவி வீட்டிலிருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாள்.

இன்றைக்கு என்னிடம் என்ன கேட்பார்கள் என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் முன்பே சொல்லிவிட்டார். "சர்வர் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததா? பழுது ஏதும் இருந்ததா? வழிமுறைப்படி நிறுவினீர்களா?" ஓடியது. பழுது இல்லை. முப்பத்திரண்டு படிகளும் வழிமுறைப்படி. மூன்றும் உண்மை. சத்தியம் செய்துவிட்டுச் சொல்லலாம். நான் பொய் சொல்லமாட்டேன் என்பதால்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேக்காததுக்கு வாயத் தொறக்க வேண்டாம்" என்றார். அது சரிதானே? கேட்காததைச் சொன்னால் அது சாட்சியம் ஆகாது, வம்பு ஆகும். வழக்கு முடிந்ததும், பணிக்காலம் முழுவதும் பிழையின்றிப் பணியாற்றினார் என்று எழுத்தில் ஒரு சான்று தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வேறொன்றும் வேண்டாம். 'பிழையின்றி' என்ற அந்த ஒரு சொல் போதும். சட்டம் போட்டு மாட்டுவேன்.

இந்தப் பையிலா? அச்சிட்ட தாள்கள். சிவப்புக் குறியிட்ட பதினான்கும். கடைசியில் இன்னொரு தாள் இருக்கிறது. முதல் வாரத்து அறிக்கை. கட்டத்தை நீக்குவதற்கு முன் அச்சிட்டது. ஏழு கட்டங்கள் உள்ளது. ஞாயிற்றுக் கட்டத்தில் பத்தொன்பது பச்சையும் இருக்கிறது. மூன்றாவது வரியில் குருவம்மா. நான் எந்தத் தாளையும் எறிவதில்லை. அழிந்துபோன அந்தக் கணினியில் என்ன இருந்தது என்பதற்கு உலகத்தில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு தாள்தான் என்று நினைக்கிறேன். சங்கத்துக்காரர்களுக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியாது. இது இல்லாவிட்டால் அவர்களிடம் இருப்பது காப்பிக் கடைக்காரர் மட்டும்தான். கருப்பட்டிக் காப்பி.

கொடுப்பேனா என்றா கேட்கிறீர்கள்? கேட்டால் கொடுப்பேன். கட்டாயம் கொடுப்பேன். ஆனால் கேட்பதற்கு, இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

நீங்கள் ஏன் முன்னால் பார்க்கிறீர்கள்? ஆம், அவர்தான். ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கை, சன்னலோரம், பச்சைச் சேலை. குருவம்மாதான். அவரும் பத்தரைக்குத்தான் வரவேண்டும். சற்று மெல்லப் பேசுங்கள்.

காலையில் நான் பேருந்து நிலையத்துக்கு வந்தபோது நான்கு நாற்பத்தொன்று. இன்று நமக்கு முன் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தம் பக்கத்தில் சிமெண்டுப் பலகையில் இருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்து, "ஒக்காருங்க சார்" என்றார். பிறகு, "நேரத்தோட வந்துட்டீகளே" என்றார். நான் உட்காரவில்லை. வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்போடு பேசக்கூடாது.

எத்தனை மணிக்கு வந்திருப்பார் என்றா? அது எனக்கு எப்படித் தெரியும்? நான் வந்தபோது அவர் வந்திருந்தார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எப்போது வந்தார் என்பதை நான் பார்க்கவில்லை.

பார்க்காததை நான் பதிவதில்லை.